கொல்லிமலைக் கல்லும் நெஞ்செரிச்சல் மருந்தும்

கொல்லிமலைக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? நாமக்கல் மாவட்டத்தில், அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டியதும் பேருந்து மலையேறத் தொடங்கும். மேலே போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள்! இருபதாவது வளைவிலேயே சிலருக்குத் தலை சுற்றும். காலையில் அவசர அவசரமாக விழுங்கிய பூரியும் கிழங்கும் நெஞ்சுக்கு ஏறி எரியும். பக்கத்து இருக்கைப் பாட்டி தம் சுருக்குப் பையிலிருந்து ஒரு வெள்ளை மாத்திரையை எடுத்து, "இந்தா கண்ணு, இதை மென்னு முழுங்கு. செரியாப் போயிரும்" என்று நீட்டுவார். மென்று விழுங்கிய சில நிமிடங்களில் எரிச்சலும் அடங்கிவிடும்.

இப்போது சன்னலுக்கு வெளியே பாருங்கள். சாலைக்காக வெட்டிய மலைச்சரிவு செக்கச் செவேலென்று தெரிகிறது. பாட்டி தந்த வெள்ளை மாத்திரைக்கும் இந்தச் சிவந்த மலைக்கும் ஓர் உறவு உண்டு என்றால் நம்புவீர்களா? அந்த உறவைப் புரிந்துகொண்டால், இன்னொரு முக்கியமான கேள்விக்கும் விடை கிடைக்கும். எரிச்சலைத் தணிக்கும் மருந்து, நாம் உண்ணும் உணவிலுள்ள சத்துகளை என்ன செய்கிறது?

மழை கரைக்காமல் விட்டது

கொல்லிமலையின் மேற்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் அதிக உயரத்தில் உள்ளது. பல இலட்சம் ஆண்டுகளாக மழை அதன் பாறைகளைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. மழைநீர் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொள்வதால் மிக மிக இலேசான அமிலமாக இருக்கும். அது பாறையிலிருந்த சோடியம், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம் முதலியவற்றை மெல்ல மெல்லக் கரைத்து ஆற்றோடு அனுப்பிவிட்டது. சிலிக்காவிலும் பெரும் பங்கு போய்விட்டது. ஆனால் இரண்டு பொருள்களை மட்டும் அதனால் அசைக்க முடியவில்லை. ஒன்று இரும்பு, மற்றொன்று அலுமினியம். இவற்றின் ஆக்சைடுகளும் ஹைட்ராக்சைடுகளும், ஏறக்குறைய நடுநிலையில் இருக்கும் நீரில் கரைவதில்லை. எனவே அவை அங்கேயே தங்கிவிட்டன. இரும்பு மண்ணுக்குச் சிவப்பு நிறம் தந்தது. அலுமினியம் செறிந்த இடங்கள் பாக்சைட் என்னும் தாதுவாயின.

கொல்லிமலையிலும், ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையிலும் வெட்டப்பட்ட பாக்சைட் ஒரு காலத்தில் மேட்டூருக்குச் சென்றது. அங்கே 1965-இல் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை அதிலிருந்து அலுமினியம் எடுத்தது. இன்று அங்கு அலுமினியம் உருக்கப்படுவதில்லை. ஆனால் நமக்கு இப்போது வேண்டியது உலோகம் அன்று. இந்த மலைகளின் பாக்சைட்டில் முக்கியமாக உள்ள கனிமத்தின் பெயர் கிப்சைட். வேதியியலில் அதற்குப் பெயர் அலுமினியம் ஹைட்ராக்சைடு. பாட்டி தந்த மாத்திரையின் உறையைத் திருப்பிப் படியுங்கள். அதே அலுமினியம் ஹைட்ராக்சைடு என்ற பெயர் பெரும்பாலும் அதில் இருக்கும்!

அதற்காக யாரும் மலைக் கல்லைப் பொடித்துத் தின்ன வேண்டாம். கல்லில் இருப்பது கெட்டியான படிகம். அதனுடன் இரும்பும் வேறு அழுக்குகளும் கலந்திருக்கும். மருந்தில் இருப்பது, அலுமினிய உப்புக் கரைசலிலிருந்து தூய்மையாக வீழ்படிவாக்கப்பட்ட மென்மையான கூழ்ப்பொருள். பெயர் ஒன்று, உருவம் வேறு.

வயிற்றுக்குள் ஓர் அமிலத் தொட்டி

மழையால் கரைக்க முடியாத அந்தப் பொருளை நம் வயிறு சில நிமிடங்களில் கரைத்துவிடுகிறது. எப்படி? அங்கே இருப்பது வெறும் நீரன்று. ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் கவனமாகக் கையாளச் சொல்லும் அதே ஹைட்ரோகுளோரிக் அமிலந்தான் அங்கே இருக்கிறது. இலண்டன் மருத்துவர் வில்லியம் பிரவுட், விலங்குகளின் இரைப்பை நீரைச் சோதித்து இதை 1823-இல் அறிவித்தார். உயிருள்ள உடல் இவ்வளவு கடுமையான அமிலத்தைச் சுரக்கும் என்பது அக்காலத்து அறிஞர்களுக்கே வியப்பாக இருந்தது.

நம் இரைப்பை நாள்தோறும் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை செரிமான நீரைச் சுரக்கிறது. பி.எச். அளவு 7 என்றால் நடுநிலை என்று படித்திருப்பீர்கள். வெறும் வயிற்றில் இந்த நீரின் பி.எச். 1.5 முதல் 3.5 வரை இருக்கும். இரைப்பைச் சுவரை வழவழப்பான ஒரு சளிப்படலம் காப்பதால் அது புண்ணாவதில்லை. உணவுக்குழாய்க்கு அப்படிப்பட்ட காப்பு இல்லை. அமிலம் மேலேறி அங்கே பட்டால் எரிகிறது. அதுதான் நெஞ்செரிச்சல்.

இந்த அமிலம் எதற்கு? உணவோடு வரும் கிருமிகளில் பெரும்பாலானவற்றைக் கொல்ல, புரதங்களைப் பிரிக்கும் பெப்சின் என்னும் நொதி வேலை செய்ய. இந்த இரண்டும் பாடப் புத்தகத்திலேயே உண்டு. பலரும் மறந்துவிடும் மூன்றாவது வேலை ஒன்று இருக்கிறது. தானியத்திலும் கீரையிலும் கட்டுண்டு கிடக்கும் தாதுக்களைக் கரைத்து விடுவிப்பதுதான் அது. கரைந்தால்தான் அவை குடலில் உறிஞ்சப்படும். கரையாத சத்து, கொல்லிமலைச் செம்மண்ணில் கிடக்கும் இரும்பைப் போன்றதுதான். இருக்கும், ஆனால் எங்கும் போய்ச் சேராது.

அண்டை வீட்டார் மூவர்

அமிலத்துடன் காரத்தைச் சேர்த்தால் உப்பும் நீரும் கிடைக்கும். இதற்கு நடுநிலையாக்கல் என்று பெயர். அமில நீக்கி மருந்துகள் எல்லாம் செய்வது இதைத்தான். அவற்றின் மூலப்பொருள்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. கொல்லிமலையில் அலுமினியம் ஹைட்ராக்சைடு இருப்பதைப் பார்த்தோம். சேலத்தை அடுத்த வெள்ளைக் குன்றுகளில் மேக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட் கிடைக்கிறது. அங்குள்ள இரயில் நிலையத்துக்கே மேக்னசைட் சந்திப்பு என்றுதான் பெயர். சங்ககிரிப் பக்கம் சுண்ணாம்புக்கல், அதாவது கால்சியம் கார்பனேட் கிடைக்கிறது. மருந்துக் கடையில் உள்ள அமில நீக்கிகளில் பெரும்பாலானவை இந்த மூன்று குடும்பங்களைச் சேர்ந்தவையே. நான்காவது ஆள் நம் சமையலறையிலேயே இருக்கிறது. அது ஆப்ப சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட்.

அலுமினிய மருந்து மலத்தைக் கட்டும். மக்னீசிய மருந்து இளக்கும். ஆகவே இரண்டையும் சேர்த்து ஒரே மருந்தாகத் தருகிறார்கள். ஒன்றின் குறையை மற்றொன்று ஈடு செய்கிறது.

என்றைக்கோ ஒரு நாள் எரிந்தபோது ஒரு மாத்திரை மென்றால் தவறில்லை. அதன் வேலை ஓரிரு மணி நேரந்தான். இரைப்பை மீண்டும் அமிலத்தைச் சுரந்துவிடும். நாள் தவறாமல் மென்றாலோ, தவறான நேரத்தில் மென்றாலோதான் சிக்கல் தொடங்குகிறது.

நீல மாத்திரையும் ஒரு சிட்டிகை சோடாவும்

உங்களில் பலருக்குப் பள்ளியில் வாரம் ஒரு முறை நீல நிற மாத்திரை தரப்படுகிறது அல்லவா? அதில் இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் உள்ளன. அதைத் தருவதற்குத் தகுந்த காரணம் உண்டு. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 59 பேருக்கும், அதே வயது ஆண்களில் 100-க்கு 31 பேருக்கும் இரத்தசோகை இருந்தது. இரத்தசோகை உள்ளவருக்குப் படிக்கட்டு ஏறினால் மூச்சு வாங்கும். வகுப்பில் கவனம் நிற்காது. சோம்பேறி என்று திட்டு வாங்கும் பிள்ளைக்கு உண்மையில் குறைவது இரும்பாகவே இருக்கலாம்.

இந்த மாத்திரையை விழுங்கினால் சிலருக்கு வயிறு சங்கடப்படும். உடனே வீட்டில் யாராவது ஒரு சிட்டிகை ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கலக்கித் தருவார்கள். சங்கடம் தீரும். இரும்பு என்ன ஆகும்?

இதை அமெரிக்காவில் அளந்தே பார்த்தார்கள். 1986-இல் வெளியான ஓர் ஆய்வில், நலமாக உள்ளவர்களுக்கு இரும்பு மாத்திரையுடன் அமில நீக்கிகளையும் கொடுத்துச் சோதித்தனர். ஒரு கிராம் சோடியம் பைகார்பனேட் சேர்ந்தபோது உறிஞ்சப்பட்ட இரும்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கால்சியம் கார்பனேட் சேர்ந்தபோது சுமார் மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. அலுமினியமும் மக்னீசியமும் கலந்த திரவ மருந்தோ இரும்பை அவ்வளவாகத் தடுக்கவில்லை. இதிலிருந்து ஒன்று தெரிகிறது. அமிலம் குறைவது மட்டும் கணக்கில்லை. எந்தக் காரத்தால் குறைந்தது என்பதும் கணக்கில் சேரும்.

ஏன் இப்படி? உணவில் உள்ள இரும்பில் பெரும்பகுதி ஃபெரிக் வகை. பி.எச். ஏறத்தாழ 3-க்கு மேலே போனால் அது கரையாத ஹைட்ராக்சைடாக மாறத் தொடங்கிவிடும். துருவுக்கு நெருங்கிய உறவான பொருள் அது. அமிலமுள்ள இரைப்பையில் இரும்பு கரைகிறது. அங்கே வைட்டமின் சி இருந்தால் அது இரும்பை எளிதில் உறிஞ்சப்படும் ஃபெரஸ் வகையாக மாற்றுகிறது. "சிறுகுடலில்தான் அமிலம் இல்லையே, அங்கே போனதும் மறுபடி கரையாமல் போய்விடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! வைட்டமின் சி-யும், புரதத்திலிருந்து பிரிந்த அமினோ அமிலங்களும் இரும்பைக் கைப்பிடித்து, கரைந்த நிலையிலேயே குடல் சுவர்வரை கூட்டிச் செல்கின்றன. ஆனால் அந்தக் கைப்பிடிப்பு இரைப்பையிலேயே நடந்திருக்க வேண்டும். அமிலம் இல்லாவிட்டால் அந்த வாய்ப்பே குறைந்துவிடுகிறது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள ஹீம் இரும்புக்கு இந்தத் தொல்லை அதிகமில்லை. தானியத்தையும் கீரையையும் நம்பி வாழ்பவர்களுக்குத்தான் இரைப்பை அமிலம் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

மலைச் சோறும் அமிலமும்

கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேழ்வரகு, சாமை, தினை, பனிவரகு ஆகியவற்றை விளைவித்து உண்டு வந்தவர்கள். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. இரும்பிலும் கேழ்வரகு அரிசியைப் பல மடங்கு விஞ்சுகிறது. பிறகு மலையில் மரவள்ளி பணப்பயிராகப் பரவியது. சிறுதானிய வயல்கள் சுருங்கின. அந்த விதைகள் அழிந்துவிடாமல் காக்க, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து அம்மக்களோடு சேர்ந்து பணியாற்றி வந்துள்ளது.

சிறுதானியத்தில் தாதுக்கள் நிறைய இருந்தாலும், ஃபைட்டிக் அமிலம் என்னும் பொருள் அவற்றை இறுகக் கட்டி வைத்திருக்கிறது. முளை கட்டுவதும், கூழைக் கரைத்து இரவு முழுவதும் புளிக்க வைப்பதும் அந்தக் கட்டைத் தளர்த்துகின்றன. மீதியைத் தளர்த்துவதில் இரைப்பை அமிலத்துக்குப் பங்கு உண்டு. தட்டில் கேழ்வரகுக் களி இருந்தால் மட்டும் போதாது, அதைத் திறக்கும் சாவியும் வயிற்றில் இருக்க வேண்டும்.

செம்மண் விழுங்கும் பாஸ்பரஸ்

மறுபடி செம்மண்ணுக்கு வருவோம். அலுமினியமும் இரும்பும் மிகுந்த செம்மண்ணில் பாஸ்பேட் உரம் போட்டால், அதில் ஒரு பகுதியை மண்ணே பிடித்து வைத்துக்கொள்ளும். பயிரின் வேருக்கு அது எட்டாது. அலுமினியம் பாஸ்பேட்டுடன் சேர்ந்து கரையாத பொருளாகிவிடுவதே காரணம்.

அலுமினிய மருந்தை அளவின்றிச் சாப்பிட்டால் குடலுக்குள்ளும் இதே கதைதான். உணவிலுள்ள பாஸ்பேட்டை அலுமினியம் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறுகிறது. எலும்பும் பல்லும் கால்சியத்தால் மட்டும் ஆனவையல்ல. அவற்றில் பாஸ்பேட்டும் சம பங்காளி. இவ்வகை மருந்தை நெடுநாள் மிகுதியாகச் சாப்பிட்டவர்களுக்கு பாஸ்பரஸ் குறைந்து, உடல் தளர்ச்சி, பசியின்மை, எலும்பு வலி ஆகியவை வந்ததை 1968-இலேயே அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரத்தத்தில் பாஸ்பேட் மிகுந்துவிடும். அதைக் குறைக்க இந்த மருந்தையே ஒரு காலத்தில் வேண்டுமென்றே கொடுத்தார்கள். பின்னர், வெளியேற வழியில்லாத அலுமினியம் அவர்களுடைய எலும்பிலும் மூளையிலும் தங்கித் தீங்கு செய்வது தெரிய வந்தது. அந்த வழக்கம் கைவிடப்பட்டது.

குழாயையே மூடும் மருந்துகள்

இதுவரை பார்த்தவை, தொட்டியில் நிறைந்த அமிலத்தை முறிக்கும் மருந்துகள். அமிலம் வரும் குழாயையே மூடும் மருந்துகளும் உண்டு. ஜேம்ஸ் பிளாக் என்னும் ஸ்காட்லாந்து அறிஞரின் ஆராய்ச்சியால் உருவான சிமெட்டிடின் 1976-இல் விற்பனைக்கு வந்தது. அவர் 1988-இல் நோபல் பரிசு பெற்றார். அதே 1988-இல் ஒமிப்ரசோல் வந்தது. இரைப்பைச் சுவரின் உயிரணுக்களில் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்ணிய பம்புகள் உள்ளன. ஒமிப்ரசோலும் அதன் உறவான பாண்டோப்ரசோலும் அந்தப் பம்புகளையே பூட்டிவிடுகின்றன. இரைப்பைப் புண்ணால் துன்பப்பட்ட எத்தனையோ பேருக்கு இவை மறுவாழ்வு தந்தன. அதை மறக்கக் கூடாது.

ஆனால் இன்று பல வீடுகளில் காலையில் காப்பிக்கு முன்னால் இந்த மாத்திரை என்பது வழக்கமாகிவிட்டது. எப்போதோ மருத்துவர் இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்த சீட்டு, ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. இங்கே முதலில் பாதிக்கப்படக்கூடியது வைட்டமின் பி12. பாலிலும் முட்டையிலும் இறைச்சியிலும் அது புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிரித்தெடுக்க அமிலமும் பெப்சினும் வேண்டும். கல்லீரல் பி12-ஐப் பல ஆண்டுகளுக்குச் சேமித்து வைத்திருப்பதால் குறைபாடு உடனே தெரியாது. மெல்ல மெல்லக் கால் மரத்துப்போகும், சோர்வும் மறதியும் வரும். "வயசாச்சு, அப்படித்தான்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அமெரிக்காவில் 2013-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, இவ்வகை மாத்திரையை இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ எடுத்தவர்களிடம் பி12 குறைபாட்டுக்கான வாய்ப்பு 65 விழுக்காடு கூடுதலாக இருந்ததைக் கண்டது. நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு இரத்தத்தில் மக்னீசியம் குறையலாம் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011-இல் எச்சரித்தது.

நீங்களே செய்து பாருங்கள்

இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் சம அளவு எலுமிச்சைச் சாறு ஊற்றுங்கள். இரண்டாவது தம்ளரில் மட்டும் ஆப்ப சோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்குங்கள். நுரை பொங்கும். இனிமேல் போட்டாலும் நுரைக்காது என்ற நிலை வந்ததும் நிறுத்துங்கள். அங்கே அமிலம் முறிந்துவிட்டது. இப்போது கழுவிக் காய வைத்த முட்டை ஓட்டுத் துண்டுகளை இரண்டிலும் போடுங்கள். முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. முதல் தம்ளரில் ஓட்டின் மேல் குமிழிகள் ஒட்டிக்கொண்டு எழும். அங்கே கால்சியம் கரைந்துகொண்டிருக்கிறது. இரண்டாவது தம்ளரில் ஓடு கல்லுப் பிள்ளையாராகச் சும்மா கிடக்கும். ஒரு நாள் விட்டுவைத்து எடுத்துத் தொட்டுப் பாருங்கள். எந்த ஓடு மெலிந்திருக்கிறது? (சோதனைக்குப் பயன்பட்ட சாற்றை யாரும் குடித்துவிட வேண்டாம்.)

வீட்டில் சொல்ல வேண்டியவை

இரும்பு மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் தண்ணீரோடு விழுங்குங்கள். கூடவே ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ தின்றால் மிக நல்லது. அதே நேரத்தில் ஆப்ப சோடா, அமில நீக்கி, தேநீர், காப்பி இவை வேண்டாம். அமில நீக்கி கட்டாயம் தேவை என்றால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். வயிற்றுச் சங்கடம் தொடர்ந்தால் மாத்திரையை ஒளித்து வைக்காமல் ஆசிரியரிடமோ சுகாதாரச் செவிலியரிடமோ சொல்லுங்கள்.

நெஞ்செரிச்சல் வாரக்கணக்கில் நீடித்தால் மாத்திரையால் அதை மூடி மறைக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பல இரைப்பைப் புண்களுக்குக் காரணம் ஒரு பாக்டீரியா. ஆஸ்திரேலியாவில் 1982-இல் அதைக் கண்டறிந்த பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவரும் 2005-இல் நோபல் பரிசு பெற்றனர். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.

தாத்தாவோ பாட்டியோ நெடுநாளாக அமிலம் குறைக்கும் மாத்திரை எடுத்தால், "மருத்துவர்கிட்ட அடுத்த தடவை போகும்போது, இது இன்னும் வேணுமான்னு கேளுங்க பாட்டி. பி12 சோதனையும் செய்யணுமான்னு கேளுங்க" என்று நினைவூட்டுங்கள். நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள். சிலருக்கு அது உண்மையிலேயே தேவை. பி12 குறைந்திருந்தாலும் கவலை வேண்டாம். மாத்திரையாகத் தரப்படும் பி12 புரதத்தோடு ஒட்டியிராததால், அதைப் பிரிக்க அமிலம் தேவையில்லை.

அடுத்த முறை கொல்லிமலைக்குப் போகும்போது அந்தச் சிவந்த சரிவைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இரும்பு அங்கே மலையாகக் கிடக்கிறது. கரையாததால் யாருடைய இரத்தத்திலும் அது சேருவதில்லை. உங்கள் வயிற்றில் உள்ள புளிப்பு நீர்தான், ஒரு கவளம் களியிலிருந்து இரும்பைக் கரைத்து உங்கள் இரத்தத்தில் சேரும்படி செய்கிறது. அதை அணைக்கும் மருந்தை எடுக்கும்போது, எதற்காக, எத்தனை நாளைக்கு என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு எடுப்போம்.